யார் எரித்தது, யார் கணக்கில் எழுதுவது: 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' (Our World in Data) தளத்தின் வர்த்தகக் கார்பன் பக்கம்

ஒரு நாடு வருடத்துக்கு எவ்வளவு கார்பன், அதாவது கரியமில வாயு, வெளியிடுகிறது என்று கேட்டால் செய்தித்தாளில் வரும் எண் பெரும்பாலும் ஒரே வகைதான். அந்த நாட்டு எல்லைக்குள் எரித்த நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, அதோடு சிமென்ட் ஆலைகள், அவ்வளவுதான். அந்த நாட்டுக் கடையில் விற்கிற சாமான் எங்கே தயாரானது, அதற்காக யார் ஊரில் நிலக்கரி எரிந்தது என்பதெல்லாம் அதில் வராது. இந்த இரண்டாவது கணக்கைக் காசு கொடுக்காமல், கணக்குத் திறக்காமல், ஈமெயில் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் காட்டும் இடம் எது என்று யாராவது கேட்டால் நான் அவர் வேர்ல்ட் இன் டேட்டா தளத்தைத்தான் சொல்வேன். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் குழு நடத்துவது. வர்த்தகத்தைச் சேர்த்துப் பார்த்தால் நாடுகளின் உமிழ்வு எப்படி மாறுகிறது என்று ஹன்னா ரிட்சி எழுதிய கட்டுரை ஒன்று அதில் இருக்கிறது, கூடவே நாமே தட்டிப் பார்க்கும் வரைபடங்கள். பொருளாதார வகுப்பு எடுக்கிறவன் என்பதால் அதை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பழக்கத்தில்தான் இந்த விமர்சனம். நல்ல பக்கம், ஆனால் எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்று தெரிந்துகொண்டு போக வேண்டிய பக்கம்.

கணக்கு எளிமையானது. உள்நாட்டில் வெளியிட்டதை எடுத்துக்கொள், ஏற்றுமதிச் சரக்கைத் தயாரிக்க வெளியிட்டதைக் கழி, இறக்குமதிச் சரக்கைத் தயாரிக்க வெளிநாட்டில் வெளியானதைக் கூட்டு. வருவது நுகர்வுக் கணக்கு. சீனாவில் செய்த போன் லண்டனில் விற்றால் அதன் புகை பிரிட்டன் தலையில். உலக வரைபடத்தில் கார்பனை நிகரமாக இறக்குமதி செய்கிற நாடுகள் சிவப்பு, ஏற்றுமதி செய்கிற நாடுகள் நீலம். கீழே ஆண்டுக் கோடு ஒன்று உண்டு, அதை இழுத்தால் 1990இல் இருந்து வண்ணம் மாறுவதைப் பார்க்கலாம்.

இந்தியாவைத் தட்டிப் பாருங்கள். நீலம். அதாவது கார்பனில் நாம் நிகர ஏற்றுமதியாளர். வகுப்பில் இதைக் காட்டினால் முதலில் வரும் கேள்வி, "சார், நமக்கு வர்த்தகப் பற்றாக்குறைதானே, வாங்குறதுதானே அதிகம், அப்புறம் எப்படி ஏற்றுமதியாளர்?" சரியான கேள்வி, இந்தப் பக்கத்தின் மொத்த ருசியும் இதில்தான் இருக்கிறது. சரக்கு வர்த்தகத்தில் இந்தியா வருடா வருடம் பற்றாக்குறையில்தான் ஓடுகிறது. ஆனால் நாம் அதிகப் பணம் கொட்டி வாங்குவது எதை? கச்சா எண்ணெய், தங்கம். கச்சா எண்ணெய்க்குப் பில் பெரிது, ஆனால் இந்தக் கணக்கில் அதனோடு சேர்ந்து வரும் கார்பன் அதைத் தோண்டி எடுக்க ஆனது மட்டும்தான். அதை நம் ஊர் லாரியில் ஊற்றி எரிக்கும்போது வரும் புகை ஏற்கெனவே இந்தியாவின் சொந்தக் கணக்கில் ஏறிவிட்டது. தங்கமும் அப்படித்தான், ஒரு ரூபாய்க்கு அது கொண்டுவரும் கார்பன் குறைவு. நாம் விற்பதைப் பாருங்கள்: இரும்பு, துணி, ரசாயனம், ஜாம்நகரில் சுத்திகரித்து அனுப்பும் டீசல். இவற்றுக்குப் பின்னால் இருக்கும் மின்சாரத்தில் கிட்டத்தட்ட முக்கால்வாசி நிலக்கரியில் வருவது. ஆகப் பணக் கணக்கில் கடன்காரன், கரிக் கணக்கில் கொடையாளி.

ஜெர்மனி நேர் தலைகீழ். காரும் இயந்திரமும் விற்று வர்த்தக உபரி வைத்திருக்கிற நாடு, வரைபடத்திலோ சிவப்பு. அவர்கள் விற்பது ஒரு யூரோவுக்குக் கார்பன் குறைந்த சரக்கு, வாங்குவது நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் நாடுகளின் சரக்கு. வர்த்தக உபரி என்றால் கார்பன் ஏற்றுமதி, பற்றாக்குறை என்றால் இறக்குமதி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறவர்களுக்கு இந்த இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும், தனியாக விளக்கவே வேண்டாம்.

இன்னொரு நல்ல பயன், ரொம்ப நாளாக ஓடும் ஒரு சண்டையில். "மேற்கத்திய நாடுகள் உமிழ்வைக் குறைத்தோம் என்பதெல்லாம் ஏமாற்று, ஆலைகளைச் சீனாவுக்குத் தள்ளிவிட்டார்கள்" என்று ஒரு தரப்பு. "இல்லை, நிஜமாகவே குறைந்தது" என்று மறுதரப்பு. பிரிட்டனைத் தேர்ந்தெடுத்து கோட்டு வரைபடத்துக்குப் போனால் இரண்டு கோடுகள் வரும். நுகர்வுக் கோடு மேலே, உள்நாட்டுக் கோடு கீழே, நடுவில் நல்ல இடைவெளி, முதல் தரப்பு சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2008க்குப் பிறகு மேல் கோடும் இறங்குகிறது. அதனால் வெறும் ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. சீனாவையும் பாருங்கள், ஏற்றுமதிக் கார்பனின் பங்கு 2000களின் நடுவில் உச்சத்துக்குப் போய், 2008 நெருக்கடிக்குப் பிறகு சுருங்குகிறது. இன்றைக்கு அங்கே வெளியாகும் கார்பனில் பெரும்பங்கு அவர்களே வீடு கட்டவும் ரயில் விடவும் எரிப்பது. "சீனாவின் புகையெல்லாம் அமெரிக்காக்காரனுக்காக" என்று இன்னும் எழுதிக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கோட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம்.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? குளோபல் கார்பன் புராஜெக்ட் என்ற ஆராய்ச்சிக் கூட்டமைப்பிடமிருந்து. நார்வேயின் சிசெரோ என்ற காலநிலை ஆய்வு நிறுவனத்தில் இருக்கும் கிளென் பீட்டர்ஸும் அவருடன் எழுதியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம். ஏற்றுமதிச் சரக்குகளைத் தயாரிக்க ஆன உமிழ்வு 1990இல் 430 கோடி டன், 2008இல் 780 கோடி டன், உலக மொத்தத்தில் 20 சதவீதத்திலிருந்து 26 சதவீதம் என்று காட்டினார்கள். வளரும் நாடுகளிலிருந்து பணக்கார நாடுகளுக்கு நிகரமாகப் போனது 40 கோடி டன்னிலிருந்து 160 கோடி டன். இந்த ஏற்றம், உமிழ்வைக் குறைக்கப் போட்ட கியோட்டோ ஒப்பந்தத்தில் பணக்கார நாடுகள் குறைத்ததை விடப் பெரிது. ஒரு பக்கம் ஒப்பந்தம் போட்டுக் குறைத்தார்கள், மறுபக்கம் கன்டெய்னரில் அதற்கு மேலேயே வந்து இறங்கியது.

இதற்குள் ஓடுவது உள்ளீடு வெளியீடு அட்டவணை, 1973இல் நோபல் வாங்கிய வாசிலி லியோன்டீஃபின் கருவி. ஒரு கோடி ரூபாய்க்கு ஆடை தயாரிக்க எவ்வளவு நூல், சாயம், மின்சாரம், லாரி வாடகை வாங்கினார்கள், அந்த நூல் மில் எவ்வளவு மின்சாரம் வாங்கியது, அந்த மின் நிலையம் எவ்வளவு நிலக்கரி வாங்கியது என்று பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும் கணக்கு. கவனியுங்கள், எல்லாம் பணத்தில். கிலோவில் இல்லை, மீட்டரில் இல்லை. பலவீனமும் இங்கேதான். ஒரு துறைக்குள் ஒவ்வொரு ரூபாயும் ஒரே அளவு கார்பன் சுமக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் இது ஓடுகிறது. திருப்பூரில் சொந்தக் காற்றாலை வைத்திருக்கும் பனியன் ஏற்றுமதியாளரும், முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் வேறு மாநில ஆலைக்காரரும் இந்த அட்டவணையில் ஒருவரே. இருவருக்கும் இந்தியாவின் ஆடைத் துறைச் சராசரிதான் கிடைக்கும். நாடு அளவில் பேசும்போது அது பரவாயில்லை, ஏற்ற இறக்கம் ஓரளவு அடிபட்டுப் போகும். ஆனால் நான் பார்த்த ஒரு ஆலோசனை நிறுவன அறிக்கையில் இந்த நாட்டுச் சராசரியை எடுத்து ஒரு தனி ஆலையின் கணக்காகவே ஒட்டியிருந்தார்கள், அதற்குக் கட்டணம் வேறு. அதைச் செய்யாதீர்கள்.

இறக்குமதியாகும் சரக்கின் கார்பனைப் பார்த்து ஐரோப்பிய ஒன்றியம் போடும் எல்லைக் கார்பன் வரிக்காக இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர்களுக்கும் அதே பதில்தான். இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டம் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து முழு நடைமுறை. அங்கே கேட்பது உங்கள் உலையில், உங்கள் ஆலையில் ஒரு டன்னுக்கு எவ்வளவு என்ற கணக்கு. அது வேறு வேலை, அதற்கு இந்தப் பக்கம் உதவாது.

இப்போது குறைகள், எனக்கு எரிச்சல் தருபவை.

முதலாவது, வரைபடம் சதவீதத்தில் இருக்கிறது. உள்நாட்டு உமிழ்வில் எத்தனை சதவீதம் நிகர இறக்குமதி என்று. அதனால் சுவிட்சர்லாந்து அடர் சிவப்பில் கண்ணைக் குத்தும். அவர்களின் நுகர்வுக் கணக்கு உள்நாட்டுக் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பது உண்மைதான், ஆனால் அது குட்டி நாடு. அமெரிக்கா வெளிர் நிறத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும், டன்னில் பார்த்தால் தனி நாடுகளில் மிகப் பெரிய நிகர இறக்குமதியாளர் அதுதான். டன்னில் காட்டும் வரைபடமும் தளத்தில் இருக்கிறது, ஆனால் கட்டுரையில் முதலில் கண்ணில் படுவது சதவீத வரைபடம்தான். மாணவர்கள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதும் அதைத்தான்.

இரண்டாவது, யாரிடமிருந்து யாருக்கு என்பது இல்லை. இந்தியா நிகர ஏற்றுமதியாளர் என்று தெரிந்துவிட்டது, எந்த நாட்டுக்குப் போனது, எந்தத் துறையில்? பக்கம் கைவிரித்துவிடும். அதற்குப் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியின் (OECD) தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். அங்கே நாடு வாரியாக, துறை வாரியாகக் கிடைக்கும், அதுவும் இலவசம், ஆனால் வடிகட்டிப் பட்டியல்களுக்குள் போய்விட்டு வெளியே வருவதற்குள் டீ ஆறிவிடும். துறைப் பிரிவும் அங்கே பருமன். துணி, ஆடை, தோல், செருப்பு எல்லாம் ஒரே துறை. ஆம்பூர் ஷூவும் திருப்பூர் பனியனும் ஒரே மூட்டையில்.

மூன்றாவது, விட்டுப்போனவை. இது கரியமில வாயு மட்டும், அதுவும் எரிபொருளும் சிமென்ட் போன்ற ஆலைகளும் விடுவது. மீத்தேன் இல்லை, அதனால் நாம் கப்பலேற்றும் பாஸ்மதி அரிசியின் வயல் மீத்தேன் இந்தக் கணக்கில் இல்லை. காடு அழித்ததும் இல்லை, ஆகவே பிரேசில் மாட்டிறைச்சியும் இந்தோனேசியப் பாமாயிலும் நிஜத்தில் இருப்பதை விடச் சுத்தமாகத் தெரியும். உணவு வர்த்தகம் பற்றி எழுதுகிறவர்கள் இதை மட்டும் நம்பி எழுதினால் கதை பாதிதான். சர்வதேச விமானம், கப்பல் எரிபொருளும் எந்த நாட்டின் தலையிலும் ஏறாது.

குறை என்று சொல்ல முடியாத, ஆனால் ஆளை வழுக்கிவிடுகிற இடம் நார்வே. எண்ணெயும் எரிவாயுவும் விற்றுச் செழிக்கிற நாடு, இந்தக் கணக்கில் நல்ல பிள்ளையாகத் தெரியும். காரணம் முன்னே சொன்னதுதான், எண்ணெய் எரியும்போது வரும் கார்பன் எரித்தவன் கணக்கு. விற்ற எரிபொருளையும் சேர்த்துக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் அது தனிக் கணக்கு, இந்தப் பக்கம் அதைப் போடவில்லை. ஸ்வீடன்காரர்களுக்கோ வேறு மனக்குறை. சுத்தமான மின்சாரத்தில் பொருள் செய்து ஏற்றுமதி செய்தாலும் நுகர்வுக் கணக்கில் அதற்கு மதிப்பெண் இல்லையே என்பது. லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஆஸ்ட்ரிட் காண்டர் குழு 2015இல் இதற்குத் திருத்தம் ஒன்று முன்வைத்தது. படிக்கத் தகுந்தது, தளத்தின் வரைபடத்தில் அது இல்லை.

பயன்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் கோட்டு வரைபடம் நன்றாக ஓடுகிறது, உலக வரைபடத்தில் சின்ன நாடுகளைத் தட்டத்தான் விரல் தடுமாறும். ஆப்பிரிக்காவில் பல நாடுகள் தரவில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கின்றன. நுகர்வுக் கோடு உள்நாட்டுக் கோட்டுக்கு முன்பே நின்றுவிடும், அட்டவணைகள் தாமதமாக வருவதால். தரவு முழுவதையும் எக்செல்லில் திறக்கிற சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் எங்கேயும் பயன்படுத்தலாம், இது பெரிய விஷயம். தமிழில் கிடையாது, ஆங்கிலம் மட்டும்தான். தமிழ் வழி மாணவர்களுக்கு நானே சிஎஸ்வியை இறக்கி, தலைப்புகளைத் தமிழில் போட்டு வரைந்து கொடுக்கிறேன்.

என் மதிப்பெண் 5க்கு 4. யாரிடமிருந்து யாருக்கு என்ற வரைபடம் ஒன்றைச் சேர்த்தால் மிச்சத்தையும் கொடுத்துவிடுவேன். முதல் தடவை போகிறவர்கள் உலக வரைபடத்தை விட்டுவிட்டு நேராகக் கோட்டு வரைபடத்துக்குப் போய், நாடுகள் பட்டியலில் இந்தியா, சீனா, பிரிட்டன், ஜெர்மனி நான்கையும் தேர்ந்தெடுத்து, தலா அளவுக்கு மாற்றிப் பாருங்கள். நம் கோடு எங்கே அடியில் கிடக்கிறது என்று தெரியும்.