ஆறு இன்ச்: சமையலறை ஐலண்டோடு ஐந்து வருடம்

போன மாதம் எங்கள் சமையலறை ஐலண்டின், அதாவது நடுவில் சுவரைத் தொடாமல் தனியாக நிற்கிற மேடையின், கிரானைட்டில் ஆறு இன்ச் வெட்டி எடுத்தோம். அதைக் கேள்விப்பட்டதும், கவுண்டம்பாளையத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிற தோழி போன் செய்தாள். "அப்போ நான் வைக்கட்டுமா, வேண்டாமா? வச்சா எவ்வளவு பெருசு வைக்க?" போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்கள் சமையலறை செங்கல்லுக்குச் செங்கல் 12 அடி 10 இன்ச் அகலம். ஒரு சுவரில் அடுப்பு மேடை, எதிர்ச் சுவரில் ஃபிரிட்ஜ், நடுவில் 7 அடி நீளம் 3 அடி அகலத்தில் ஐலண்ட். அந்த மூன்று அடியில் இரண்டடிக்குக் கீழே இழுப்பறைகள். மீதி ஒரு அடி கல் மட்டும் ஃபிரிட்ஜ் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது, ஸ்டூல் போட்டுக் காலை உள்ளே விட்டு உட்காருவதற்காக.

வரைபடத்தில் அடுப்புப் பக்கம் 36 இன்ச் வழி, ஃபிரிட்ஜ் பக்கம் 30 இன்ச். ஆள் நடக்க 30 தாராளம் என்று நினைத்தோம். வரைபடம் செங்கல்லோடு நின்றுவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கு மேல் பூச்சு அரை இன்ச். அதற்கு மேல் டைல்ஸும் ஒட்டுகிற பசையும் சேர்ந்து இன்னொரு அரை இன்ச். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சூடு போக இரண்டு இன்ச் விட வேண்டும். அடுப்புப் பக்க வழியில் மேடைக் கல் இழுப்பறைக்கு முன்னால் ஒரு இன்ச் நீண்டிருக்கும், இரண்டு பக்கமும். அடுப்படி நெருக்குகிறது என்று மேஸ்திரி ஐலண்டை ஒரு இன்ச் ஃபிரிட்ஜ் பக்கம் தள்ளினார். அவரவர் செய்தது சரிதான். எல்லாம் முடிந்து டேப் வைத்தபோது ஃபிரிட்ஜ் பக்கம் 26 இன்ச் இருந்தது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவு 28 இன்ச்.

கதவு முழுதாகத் திறக்காது. முக்கால்வாசி வந்ததும் கைப்பிடி கிரானைட்டில் "டொக்" என்று இடிக்கும். பால் எடுக்க அது போதும், மோர் எடுக்கவும் போதும். கீழே இருக்கிற காய்கறித் தட்டு மட்டும் வராது. கதவு நேராகத் திறந்து நின்றால்தான் அந்தத் தட்டு வெளியே வரும். இல்லையென்றால் கதவின் உள்பக்க அடுக்கு அதை மறித்துக்கொள்ளும். ஐந்து வருடமாக நான் கொத்தமல்லியை எடுத்தது இப்படித்தான்: குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டை நான்கு விரல் அளவுக்கு இழுத்து, கையைப் பக்கவாட்டில் நுழைத்துத் துழாவ வேண்டும். அடியில் கிடந்த கேரட் அழுகியது வாசம் வந்த பிறகுதான் தெரியும். தட்டைக் கழுவ வேண்டுமென்றால் மேல் கண்ணாடியைக் கழற்றி, தட்டைச் சாய்த்து உருவ வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். கைப்பிடி இடித்த இடத்தில் கல்லின் ஓரம் பொரிந்துபோய், ரப்பர் துண்டு ஒட்டி வைத்திருந்தோம். அது மாதம் ஒரு முறை பிய்ந்து விழும்.

குறுகிய கதவு வைத்த ஃபிரிட்ஜாக வாங்கிவிடு என்று நிறையப் பேர் சொன்னார்கள். ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கல் தப்பாக இருக்கும்போது ஃபிரிட்ஜை ஏன் மாற்ற வேண்டும்?

இத்தனைக்கும் அந்த ஒரு அடி நீட்டல் யாருக்கும் பயன்படவில்லை. மேஸ்திரி அன்றே சொன்னார்: "அம்மணி, கல்லை ரெண்டரையோட நிறுத்திக்கலாமுங்க." ஸ்டூல் வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். இந்த உயர மேடையில் முழங்கால் இடிக்காமல் உட்கார 15 இன்ச் நீட்டல் வேண்டும், ஒரு ஆளுக்கு இரண்டடி நீளமும் வேண்டும். எங்களுடையது 12 இன்ச். உட்கார்ந்தால் முட்டி பலகையில் இடிக்கும், முதுகு ஃபிரிட்ஜில் படும். ஒரு ஸ்டூலை அங்கே போட்டுவிட்டால் ஃபிரிட்ஜுக்குப் போக வழியே இல்லை. வாங்கிய மூன்று ஸ்டூலில் இரண்டு மொட்டை மாடி அறையில் கிடக்கின்றன.

மூன்றாவது ஸ்டூலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அத்தைக்கு முட்டி வலி. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் நறுக்கியவர், கீழே உட்கார முடியாமல் போனதிலிருந்து சமையலறைப் பக்கமே வராமல் இருந்தார். ஐலண்ட் வந்த இரண்டாவது வாரம் அவராகவே ஒரு ஸ்டூலை இழுத்து, குறுகிய பக்கத்தில், அதாவது ஏழடி நீளத்தின் ஒரு முனையில், சாய்வாகப் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். அந்த முனையில் காலுக்கு இடம் கிடையாது. ஆனாலும் அங்கேதான் உட்காருவார். அங்கிருந்து அடுப்பும் தெரியும், கூடமும் தெரியும். வீட்டில் எந்தப் பேச்சும் அவர் காதுக்குத் தப்பாது. ஐந்து வருடமாக அது அவர் இடம். ஒரு ஐலண்டுக்கு இதைவிட நல்ல பலன் என்ன வேண்டும்?

ஏழடி நீளத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெள்ளிக்கிழமை மாவு ஆட்டும்போது கிரைண்டர் ஒரு முனையில் ஓடும், நடுவில் மறுநாள் பொரியலுக்குக் காய் நறுக்குவோம், இன்னொரு முனையில் பையன் புத்தகத்தை விரித்திருப்பான். கிரைண்டருக்கு ஐலண்டிலேயே பிளக் பாயின்ட் இருப்பதால்தான் இது முடிகிறது. தரை டைல்ஸ் போடுவதற்கு முன்பே அதற்கு வயர் போகிற குழாயைப் பதித்துவிட வேண்டும், பிறகு நினைத்தால் தரையைத்தான் உடைக்க வேண்டும்.

அடுப்புப் பக்கம் எங்களுக்கு மிஞ்சியது 34 இன்ச். அமெரிக்காவில் நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன் என்ற அமைப்பின் கணக்குப்படி, ஒருவர் சமைக்கிற இடத்தில் 42 இன்ச், இருவர் என்றால் 48, வெறும் நடைவழிக்கே 36 வேண்டும். அதைப் படித்தபோது பெரிய பெரிய வீட்டுக்காரர்களின் கணக்கு என்று விட்டுவிட்டேன். கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியோடு நான் திரும்பும்போது பின்னால் ஒருவர் இழுப்பறையைத் திறந்து நின்றால், அந்த 42 எதற்கு என்று புரியும்.

சரி, வெட்டிய கதை. கல் வேலை செய்பவர் வந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பிளாஸ்டிக் தாள் கட்டி, ஒருவர் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னொருவர் கட்டிங் மெஷினை ஓட்டினார். சாம்பல் நிறக் குழம்பு வாளி வாளியாக ஓடியது. வெட்டிய ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கூலி 4,500 ரூபாய். அவர்கள் போனதும் நான் செய்த முதல் காரியம், ஃபிரிட்ஜ் கதவை முழுதாகத் திறந்து காய்கறித் தட்டை வெளியே இழுத்ததுதான். ஒரே இழுப்பில் மடிக்கு வந்தது. ஐந்து வருடம் இதற்காகவா துழாவினேன் என்று அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஃபிரிட்ஜை வெறும் கட்டமாக வரையாமல், அதன் கதவு திறக்கிற வளைவையும் சேர்த்து ஒரு கோடு போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் சொந்தத்தில் ஒரு சீருக்கு முறுக்கு சுட்டோம். முன்பு வெள்ளைத் துணி விரித்தால் நான்கு வரிசை பிழிந்து வைப்போம், இப்போது மூன்றுதான் வருகிறது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, வெட்டிய ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுபடி கட்டினால் வைப்பேனா? கட்டாயம் வைப்பேன். இரண்டரை அடி அகலம், ஏழடி நீளம், 15 இன்ச் நீட்டலை அத்தை உட்காருகிற முனையில் மட்டும்.

ஆனால் உனக்கு வேண்டாம். உன் சமையலறை பத்தடி அகலம். பூச்சும் டைல்ஸும் போக 118 இன்ச். இரண்டு பக்கமும் மேடை என்கிறாய், கல் நீட்டலோடு ஐம்பது இன்ச் போய்விடும். மிச்சம் 68. எனக்கு நெருக்கிய அதே 34 இன்ச்சை இரண்டு பக்கமும் விட்டாலே ஐலண்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒரு மேடையை விட்டுவிட்டு, ஒரு பக்கம் 42, மறுபக்கம் 36 விட்டாலும் 15 இன்ச் பலகைதான் வரும். இரண்டடிக்கு மூன்றடி மேசை ஒன்றைச் சக்கரம் வைத்துச் செய்யச் சொல், வேலை முடிந்ததும் ஓரமாகத் தள்ளிக்கொள். நம்பிக்கை வரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அட்டைப் பெட்டிகளை அடுக்கி, உன் ஃபிரிட்ஜ் கதவு அளவுக்கு ஒரு அட்டையை வெட்டித் திறந்து மூடிப் பார்ப்போம். பூச்சு வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை இல்லையா, நேரம் இருக்கிறது.

வெட்டிய கல் பின்வாசலில் சாய்த்து வைத்திருக்கிறது. ஏழடி நீளம், ஆறு இன்ச் அகலம், கைப்பிடி இடித்துப் பொரிந்த ஓரம் தவிர ஒரு கீறல் இல்லை. சன்னலுக்கு அடிக்கல்லாக ஆகுமென்றால் மேஸ்திரியிடம் கேட்டுச் சொல், வரும்போது வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன்.