ஸ்விட்ச் 2-ஆ, பிஎஸ் 5-ஆ? சீரியல் நேரத்தில் டிவி யாருக்கு?

தாய்மாமன் என்றாலே செலவுதான். அன்றைக்குக் காதுகுத்துக்குத் தோடு போட்டேன். இன்றைக்கு மருமகன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான், கேம் கன்சோல், அதாவது வீடியோ கேம் ஆடும் கருவி வேண்டுமாம். கையில் வைத்தும் டிவியில் இணைத்தும் ஆடுகிற நிண்டெண்டோ ஸ்விட்ச் 2தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் கூட்டாளிகளில் பாதிப் பேர் "அந்தக் காசுக்குப் பேசாம பிஎஸ் 5 வாங்குடா" என்கிறார்கள். அது சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிவியில் இணைத்து ஆடுவது. பணம் கொடுக்கப்போகிறவன் என்பதால் நானும் உட்கார்ந்து விசாரித்தேன்.

ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5 அன்று. முதல் நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அதைத் திட்டாத ஆளும் இல்லை. முதல் கோபம் விலைமேல். 2017-இல் முதல் ஸ்விட்ச் 300 டாலர், இது வந்தபோது 450. கூடவே வந்த 'மரியோ கார்ட் வேர்ல்ட்' ஆட்டம் மட்டுமே அப்போது தனியாக 80 டாலர். அடுத்தது திரை. 7.9 அங்குலம், 1080பி, 120 ஹெர்ட்ஸ் என்று எல்லாம் கூடியிருக்கிறது, ஆனால் எல்சிடி. 2021-லேயே கறுப்பை முழுக் கறுப்பாகவே காட்டும் ஓஎல்இடி திரை போட்டு ஸ்விட்ச் விற்றவர்கள் இவர்கள். நண்பன் வைத்திருந்ததை வாங்கிப் பார்த்தேன். பகல் காட்சிகள் பளிச்சென்று இருக்கின்றன. குகைக்குள் போனால் கறுப்பு இருக்கவேண்டிய இடம் சாம்பல் பூசியதுபோல் தெரிகிறது. அது தவிர என்னால் குறை சொல்ல முடியவில்லை. ஜாய்-கான், அதாவது இரண்டு பக்கமும் மாட்டும் கைப்பிடி, இப்போது காந்தத்தில் 'டக்'கென்று ஒட்டிக்கொள்கிறது. அதைக் கழற்றி மேசைமேல் பக்கவாட்டில் நிறுத்தி மவுஸ்போல நகர்த்தலாம். பழைய ஸ்விட்ச் ஆட்டங்களில் பெரும்பாலானவை இதிலும் ஓடும்.

வெறும் பலத்தை வைத்துப் பார்த்தால் பிஎஸ் 5 பக்கத்தில் இது நிற்காது. அதில் சந்தேகமே வேண்டாம். பிஎஸ் 5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் 54,990 ரூபாய். பில் உண்டு, ஒரு வருட வாரன்டி உண்டு. ஆடி முடித்த டிஸ்க்கைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம்.

ஆனால் அக்கா வீட்டில் இருப்பது ஒரே டிவி. சாயங்காலம் ஆறரைக்கு அது பாட்டி கைக்குப் போனால் பத்து மணிவரை சீரியல்தான். கல்லூரியிலிருந்து இவன் வருவதும் அதே ஆறரைக்கு. 4கே பெட்டியை வாங்கி வைத்துப் பூ போட்டுக் கும்பிடவா? இன்னொன்று, கரண்ட். அவர்கள் இன்வெர்ட்டரில் ஃபேனும் லைட்டும் மட்டும். கரண்ட் போனால் பிஎஸ் 5 அணைந்துவிடும், திரும்பப் போட்டால் 'சரியாக அணைக்கவில்லை' என்று நம்மையே கண்டிக்கும். ஸ்விட்ச் பாட்டுக்கு பேட்டரியில் ஓடும். நிறுவனம் சொல்லும் கணக்கு 2 முதல் 6.5 மணி நேரம். பெரிய ஆட்டங்களுக்கு இரண்டை ஒட்டியே எதிர்பாருங்கள். சென்னை மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து பீச் போய்த் திரும்ப அது போதும், ஜன்னலோர இருக்கையில் வெயில் திரைமேல் அடிக்காதவரை.

சரி, ஸ்விட்ச் 2 என்றே வைத்துக்கொள்வோம். எங்கே வாங்குவது? நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைப்பதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, வாரன்டி என்பது கடைக்காரர் வாய்ச்சொல். ஒரு கடையில் கேட்டபோது, மற்றதைவிட நன்றாகவே குறைந்த விலையில் ஒன்றை எடுத்து வைத்தார். "சார், இது ஜப்பான் செட்டு" என்று அவரே சொல்லிவிட்டார், நல்ல மனிதர். ஜப்பானில் உள்ளூர்க்காரர்களுக்காக 2025-இல் 49,980 யென்னுக்கு வந்த மாடல் அது. மெனு முழுக்க ஜப்பானிய மொழி, மாற்ற வழியில்லை. ஜப்பான் நாட்டுக்கென்று பதிந்த நிண்டெண்டோ அக்கவுண்ட் மட்டுமே அதில் ஏறும். மலிவாகக் கிடைத்தால் முதலில் இதைக் கேளுங்கள்.

மெமரி கார்டிலும் ஒரு சங்கதி. உள்ளே 256 ஜிபி இருக்கிறது. போதாவிட்டால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புது வகை கார்டு மட்டும்தான் வேலை செய்யும். போனிலிருந்து கழற்றிய பழைய கார்டில் ஆட்டத்தை ஏற்ற முடியாது. அப்புறம் 'கேம் கீ கார்டு' என்று ஒன்று. பெட்டியில் கார்ட்ரிட்ஜ், அதாவது கன்சோலில் செருகும் கார்டு இருக்கும், அதில் ஆட்டம் இருக்காது. முழுவதையும் நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளவேண்டும், ஆடும்போதெல்லாம் கார்டைச் செருகியும் வைக்கவேண்டும். டேட்டா கணக்குப் பார்க்கிற வீட்டுக்கு இது அநியாயம். விற்க முடியும் என்பது மட்டும் ஆறுதல்.

பழைய ஓஎல்இடி ஸ்விட்சே போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். 420 கிராம்தான், புதியது 534. மலிவும்கூட. ஆனால் புது ஆட்டங்கள் பல அதற்கு வராது என்பதால் மருமகன் முகம் கொடுத்தே பேசவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் தீபாவளிக்கு வருகிறான். பில்லோடு ஒரு ஸ்விட்ச் 2, ஒரு எக்ஸ்பிரஸ் கார்டு, நம் ஊர் பிளக்குக்கு ஒரு கன்வெர்ட்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டிக்குத் தைலமும்.