செயற்கை முழங்கால் மூட்டு: முதல் ஆறு வாரத்திலிருந்து 25 வருடம் வரை

“டாக்டர், இது எத்தனை வருஷம் வரும்?” ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி. பத்துப் பதினைந்து வருஷம் என்று சொந்தபந்தங்கள் இன்னமும் சொல்லும் பதில் பழையது. ஆஸ்திரேலியாவிலும் பின்லாந்திலும் மூட்டு மாற்று ஆபரேஷன்களைத் தேசியப் பதிவேட்டில் குறித்து வைக்கிறார்கள். அவற்றைக் கொண்டு கணக்கிட்டு 2019-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, முழு மூட்டு மாற்றிய 100 முழங்கால்களில் 15 வருடம் கழித்து 93, 20 வருடம் கழித்து 90, 25 வருடம் கழித்து 82 மறு ஆபரேஷன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பாதி மூட்டு மட்டும் மாற்றியவற்றில் 25 வருடக் கணக்கு 70. இவை அந்தக் காலத்து பிளாஸ்டிக் வைத்த மூட்டுகள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. மறு ஆபரேஷன் நடந்தால்தான் பதிவேட்டில் அது தோல்வி. வலியோடு நடந்துகொண்டு, “இன்னொரு தடவை கத்தி வேண்டாம் சாமி” என்று இருப்பவரின் மூட்டும் அங்கே வெற்றிதான். மாற்றிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முழுத் திருப்தி இல்லை என்று சொல்வது உலகம் முழுக்க உள்ள அனுபவம். இன்னொரு பக்கம், பாதி மூட்டின் எண் குறைவாக இருப்பதற்கு அது மட்டமானது என்று பொருளில்லை. அதை முழு மூட்டாக மாற்றுவது எளிது என்பதால் மருத்துவர்கள் சீக்கிரம் கை வைக்கிறார்கள். மாற்றாமல் விட்ட பக்கம் பின்னால் தேய்வதும் உண்டு.

வயதைச் சேர்க்காமல் ஆயுள் பேச முடியாது. 2017-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களுக்கு மிச்ச வாழ்நாளில் மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம். 50 முதல் 54 வயதுக்குள் மாற்றிய ஆண்களுக்கு அது 35 சதவீதம், பெண்களுக்கு 20 சதவீதம். எழுபதைத் தாண்டியவர் இந்தக் கேள்விக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஐம்பதில் இருப்பவர் எடையைக் குறைத்து, தொடைத் தசையை வலுவாக்கி, தள்ளிப்போட முடிந்தவரை தள்ளிப்போடுவது கெட்டிக்காரத்தனம்.

உள்ளே எது தேய்கிறது?

தொடை எலும்பின் முனையில் தொப்பி போல ஒரு கோபால்ட்-குரோமியக் கவசம். கீழே கால் எலும்பின் தலையில் டைட்டானியம் அல்லது அதே கோபால்ட்-குரோமியத்தில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவில் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வில்லை. தட்டோடு சேர்த்து அளந்தால் 9, 10 மில்லிமீட்டரில் தொடங்கும் கனம். முழங்கால் சில்லின் உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பொத்தானும் சிலருக்கு வைப்பார்கள். உலோகத்தை எலும்போடு பிடித்து வைப்பது பெரும்பாலும் எலும்பு சிமென்ட் (bone cement).

உலோகம் தேய்வதில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தேய்வது பிளாஸ்டிக். ஒரு நாளைக்கு 5,000 காலடி நடந்தால் ஒரு காலுக்கு வருடத்துக்கு 9 லட்சம் அடி. அந்த உரசலில் உதிரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை உடம்பின் வெள்ளை அணுக்கள் விழுங்கப் பார்க்கின்றன. செரிக்க முடியாத எரிச்சலில் அவை வெளியிடும் ரசாயனங்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. எலும்பு அரிக்கப்பட்டால் தட்டு ஆடும். ஆக மூட்டு ‘போய்விட்டது’ என்று சொல்லும்போது பல நேரம் போனது அதன் பிடிமானம். இந்த அரிப்பு வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்தால், தட்டும் கவசமும் உறுதியாக இருக்கும்போதே வில்லையை மட்டும் மாற்றிவிட முடியும். விட்டால் எலும்புக்குள் இறங்கும் நீளமான தண்டு வைத்த மறு மூட்டு வரை போகும்.

பழைய பிளாஸ்டிக்கைக் காற்றுப்பட வைத்தே காமா கதிரில் கிருமிநீக்கம் செய்தார்கள். அது ஆக்சிஜனேற்றம் அடைந்து மொறமொறவென்று ஆகி, செதில் செதிலாகப் பெயர்ந்தது. இப்போது காற்றில்லாப் பொதியில், மூலக்கூறுகளைக் குறுக்காகப் பிணைத்து உறுதியாக்கிய பிளாஸ்டிக் வருகிறது. உண்மையான முன்னேற்றம் இதுதான்.

விளம்பரப் பலகைகளில் மின்னும் ‘கோல்டு’ மூட்டுக்கு இந்தப் பெருமை கிடையாது. அது தங்க நிறப் பூச்சு, நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேண்டுமானால் அதைக் கேட்கக் காரணம் உண்டு. 30 வருடம், 40 வருடம் என்கிற வாசகங்கள் ஆய்வகத்து எந்திரத்தில் கோடிக்கணக்கான தடவை மடக்கி நீட்டிப் பார்த்த கணக்கிலிருந்து வருபவை. எந்திரம் குளியலறையில் வழுக்கி விழாது, அதற்குச் சர்க்கரையும் கிடையாது. அதிகமாக மடங்கும் என்று சொல்லி விற்கும் ‘ஹை ஃப்ளெக்ஸ்’ மாதிரியும் இப்படித்தான்: ஆபரேஷனுக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதுதான் பின்னால் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ரோபோ, வைக்கும் கோணத்தைத் துல்லியமாக்குகிறது. அதனால் ஆயுள் கூடும் என்பதற்கு 20 வருடக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும். 2017 ஆகஸ்டில் இந்திய அரசு மூட்டு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது சாதாரண கோபால்ட்-குரோமிய முழு மூட்டு 54,720 ரூபாய், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோகம் 76,600 ரூபாய், வரி தனி. அந்த வித்தியாசத்தைப் பிசியோதெரபிக்குச் செலவழித்தால் பலன் அதிகம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

முதல் வருடம்

மடக்குவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள். நீட்டுவதுதான் முதலில் கைவிட்டுப் போகும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுப்பது சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தில் மூட்டு லேசாக மடிந்தபடியே இறுகிவிடும். 10 டிகிரி நீளாமல் நின்றாலும் நொண்டல் போகாது, தொடைத் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். தலையணை வைப்பதானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தானாகக் கீழே தாழட்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை. அதோடு முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தொடையை 5 விநாடி இறுக்கும் பயிற்சி, குதிகாலைப் படுக்கையில் இழுத்து மடக்கும் பயிற்சி, காலை நேராகத் தூக்கும் பயிற்சி. முடித்ததும் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம்.

ஆறு வாரத்தில் 90 டிகிரி மடங்கவில்லை என்றால் பொறுத்துப் பார்க்க வேண்டாம். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் சிகிச்சை பொதுவாக 12 வாரத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தருகிறது. அதற்குப் பிறகு உள்தழும்பு கெட்டியாகிவிடும்.

பயப்படத் தேவையில்லாதவை மூன்று. தையலுக்கு வெளிப்பக்கம் மரத்துப்போவது: தோலுக்குப் போகும் சின்ன நரம்பு அறுபடுவதால் வருவது, ஓரளவு சுருங்கும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். ‘டக் டக்’ சத்தம்: உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் ஓசை, வலி இல்லாதவரை ஒன்றுமில்லை. லேசான சூடும் வீக்கமும்: ஆறு மாதம் சாதாரணம், வருடம் வரைகூட நீளும். முதல் இரண்டு மாதம் இரவில் தூக்கம் வராமல் புரளுவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதுவும் தீரும்.

தரை, கழிப்பறை, படிக்கட்டு

நாற்காலியில் உட்கார்ந்து எழவும் படியேறவும் 90 முதல் 105 டிகிரி போதும். பலருக்குக் கிடைப்பது 110 முதல் 120. குந்துவதற்கும் சம்மணம் போடவும் அதற்கு மேல் வேண்டும், முறுக்கும் சேர்ந்து வரும். சிலரால் சம்மணம் போட முடிகிறது என்பது உண்மை. ஆனால் ஆழமாக மடக்கும்போது வில்லையின் பின் ஓரத்தில் பாரம் குவிகிறது. கல்யாணப் பந்தியில் எப்போதாவது உட்கார்வது வேறு, தினமும் தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவது வேறு.

வீட்டில் இந்தியக் கழிப்பறைதான் என்றால் ஆபரேஷனுக்கு முன்பே வெஸ்டர்ன் வைத்துவிடுங்கள். இருக்கை தரையிலிருந்து 17 முதல் 19 அங்குலம்; பக்கச் சுவரில் கைப்பிடி. கழிப்பறைமேல் போடும் பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினால் நான்கு காலிலும் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள், ஈரத் தரையில் அது நகர்ந்து விழுந்தவர்கள் உண்டு. சோபா தாழ்வாக இருந்தால் அதை விட்டுவிட்டு 18 அங்குல உயரத்தில் கைவைத்த நாற்காலி.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். பழனியின் 693 படிகளை ஏறியவர்களும் இருக்கிறார்கள். தொல்லை தருவது ஏற்றத்தைவிட இறக்கம்தான், அதற்கு விஞ்ச் இருக்கிறது. கிரிவலம் 14 கிலோமீட்டரை முதல் வருடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். நடை, நீச்சல், உயரமாகச் சீட் வைத்த சைக்கிள் நல்லது. ஓட்டமும் குதிப்பதும் வேண்டாம். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் நாலு கிலோ பாரம் குறைகிறது. இது மூட்டு தேய்ந்த முழங்கால்களில் அளந்து பார்த்த கணக்கு.

கிருமி

நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது, வந்தால் மற்ற எல்லாவற்றையும்விடக் கொடியது. உலோகத்தின்மேல் கிருமிகள் பசைப்படலம் கட்டிக்கொண்டால் மாத்திரை அங்கே போய்ச் சேராது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் திறந்து கழுவி வில்லையை மாற்றி மூட்டைக் காப்பாற்றலாம். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் மூட்டையே கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் துண்டை வைத்து, கிருமி அடங்கிய பிறகு புது மூட்டு. இரண்டு பெரிய ஆபரேஷன்.

இங்கே நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. தையலில் ஒரு வாரத்துக்கு மேல் கசிவு இருந்தாலோ, பல வருடம் நன்றாக இருந்த மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சல் வந்தாலோ, தெருமுனை மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். வீக்கம் கொஞ்சம் வடியும். பிறகு மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதித்தால் எந்தக் கிருமி என்று தெரியாது. முதலில் நீர் எடுப்பது, சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை, மாத்திரை அதற்குப் பின்.

பத்து வருடம் கழித்தும் கிருமி ரத்தம் வழியாக வரலாம். பித்தவெடிப்பு, கால் விரலிடுக்குச் சேற்றுப்புண், நகச்சுற்று, சொத்தைப் பல், ஆறாத சர்க்கரைப் புண் எல்லாமே வாசல்கள். ஆபரேஷனுக்கு முன் மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு (HbA1c) 8-ஐத் தாண்டியிருந்தால் பல மருத்துவர்கள் தள்ளிவைப்பதற்கு இதுவே காரணம். அதே முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மூன்று மாதம் இடைவெளி. மாற்றிய மூட்டுக்குள் வலிக்காக ஊசி போட யாரையும் அனுமதிக்க வேண்டாம். பல் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள், ஏற்கெனவே மூட்டில் கிருமி வந்தவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எப்போது போய்க் காட்டுவது?

நாற்காலியிலிருந்து எழுந்ததும் முதல் நாலைந்து அடி வலித்து, பிறகு குறைகிறதா? தட்டு தளர்வதன் பழைய அடையாளம் அது. படி இறங்கும்போது முழங்கால் சட்டென்று விட்டுக்கொடுக்கிறதா, அடிக்கடி நீர் கோக்கிறதா? தசைநார் தளர்ச்சியாகவோ வில்லைத் தேய்மானமாகவோ இருக்கலாம். விழுந்தபின் காலூன்ற முடியவில்லை என்றால் கவசத்துக்கு மேலே தொடை எலும்பு முறிந்திருக்கக்கூடும். எழுபதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி-யும் பார்த்து வைப்பது இதற்காகத்தான்.

தொல்லை எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வருடம் முடிந்ததும் ஒரு எக்ஸ்ரே, பிறகு மருத்துவர் சொல்கிறபடி சில வருடங்களுக்கு ஒருமுறை. நின்றபடி எடுத்ததாக இருக்கட்டும். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அரிப்பு வளர்ந்ததா என்று தெரியும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், மூட்டைச் சுற்றிப் படம் கலங்கும், அவ்வளவே. விமான நிலையத்தில் கருவி கத்தும். அட்டை காட்டினாலும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மூட்டின் ஸ்டிக்கர்கள் ஒட்டியிருக்கும்: கம்பெனி, மாடல், அளவு, லாட் எண். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 18 வருடம் கழித்து வில்லையை மட்டும் மாற்ற வரும் மருத்துவருக்கு அதே கம்பெனியின் அதே மாடலுக்குப் பொருந்தும் வில்லைதான் வேண்டும். எது என்று தெரியாவிட்டால் நன்றாக இருக்கும் உலோகத்தையும் கழற்ற வேண்டிவரும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, உங்கள் போனில் ஒன்று, பிள்ளைகள் போனில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சம்மரி தாளின் மை பத்து வருடத்தில் மங்கிவிடும்.