ஒலிகோ செய்து தரும் சேவை: குட்டைப் பிரைமருக்கு நம்பலாம், நீள இழைக்கு யோசிக்க வேண்டும்

ஓராண்டாக எங்கள் ஆய்வகத்துக்கு வேண்டிய செயற்கை டி.என்.ஏ. இழைகளை (ஒலிகோ) ஒரே நிறுவனத்திடம் வாங்கி வருகிறோம், பெயரைத் தவிர்க்கிறேன். 20 நியூக்ளியோடைடு (இழையின் அடிப்படை அலகு) நீளமுள்ள பிசிஆர் பிரைமர்களில் (டி.என்.ஏ.வைப் பல படிகளாகப் பெருக்கும் முறையில் தொடக்கமாகப் பயன்படும் குட்டை இழைகள்) இதுவரை ஒரு குறையும் கண்டதில்லை. குளிர்ப்பெட்டி இல்லாமல் கூரியரில் வருவதைக் கண்டு சிலர் தயங்குகிறார்கள். ஈரம் நீக்கி உலர்த்திய இழை அப்படியெல்லாம் கெடாது.

சிக்கல், அடினின் (டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்று) மிகுந்த 90 நியூக்ளியோடைடு இழை ஒன்றைக் கேட்டபோது தொடங்கியது. குளோனிங் செய்து (இழையைப் பாக்டீரியாவில் தனித்தனி நகல்களாகப் பெருக்கி) கார வரிசையைப் படித்துப் பார்த்தால், பிழையில்லாத குளோன் அரிதாகவே அகப்பட்டது. நியூக்ளியோடைடுகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் இணைப்புப் படி ஒவ்வொன்றும் 99 விழுக்காடு நிறைவேறினாலும், 89 படிகளுக்குப் பின் முழுநீள இழை ஏறத்தாழ 41 விழுக்காடுதான் மிஞ்சும். இதற்காக யாரையும் நோக முடியாது. ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் காப்புத் தொகுதியை (அடுத்த அலகு சேரும்வரை இழை முனையை மூடி வைக்கும் வேதித் தொகுதி) நீக்கப் பாய்ச்சும் அமிலம், அடினினையும் குவானின் என்ற இன்னொரு காரத்தையும் இழையின் முதுகெலும்பிலுள்ள சர்க்கரையிலிருந்து கழற்றிவிடக்கூடியது என்பதால், முதலில் கோக்கப்பட்டு அமிலத்தில் மிகப் பல முறை நனையும் 3' முனைப்பகுதிதான் (இழையின் இரு முனைகளில் ஒன்று) அதிகம் அடிபடுகிறது. கழன்ற இடம், இறுதியில் அம்மோனியாவில் ஊறும்போது அறுந்துபோகிறது. உப்பு நீக்கம் மட்டும் செய்து அனுப்பினால் இந்த அறுந்த துண்டுகளும் குப்பியிலேயே இருக்கும். இத்தனை நீளத்துக்கு ஜெல் வழித் தூய்மிப்பு (இழைகளை நீளவாரியாகப் பிரித்து முழுநீளத்தை மட்டும் எடுப்பது) தேவை என்று ஆர்டர் எடுக்கும்போதே எச்சரித்திருக்க வேண்டும். கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

உடன் வந்த தாளில் உலர்ந்த இழையை வெறும் வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீர்) கரைக்கச் சொல்லியிருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அந்த நீர் மெல்ல அமிலத்தன்மை அடையும். பிஎச் 8 அளவிலான டிஇ கரைசல் (பிஎச் மாறாமல் காக்கும் தாங்கல் கரைசல்) அதைத் தடுப்பதோடு, அதிலுள்ள இடிடிஏ என்ற உலோக அயனிகளைப் பிடிக்கும் சேர்மம், டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் பலவற்றுக்கு வேண்டிய மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். சிஒய்5 என்ற ஒளிரும் சாயம் ஏற்றிய இழைக்கு மட்டும் பிஎச் 7.5 நல்லது. ஒளி பட்டால் மங்கக்கூடிய அந்தச் சாய இழையை ஒளி புகும் குப்பியில் அனுப்பியதை அலட்சியம் என்றே சொல்வேன்.

புகார் செய்ததும் நீள இழையை ஜெல்லில் தூய்மித்து, கட்டணமின்றி மீண்டும் அனுப்பினார்கள். அது ஒழுங்காக வேலை செய்தது. பிரைமர்களை இவர்களிடமே தொடர்ந்து வாங்குவேன். 60 நியூக்ளியோடைடைத் தாண்டும் இழை என்றால், தூய்மிப்புக்கான கூடுதல் விலையையும் சேர்த்துப் பிற நிறுவனங்களோடு ஒப்பிட்ட பிறகே ஆர்டர் கொடுப்பேன்.