ரூபாயிலயே போடுங்க தம்பி

திருச்சி சின்னக்கடை வீதிப் பக்கம் ஒரு துணிக்கடை. கல்யாணச் சேலைகள், பில் 48,000 ரூபாய். சிங்கப்பூர் கார்டை வாங்கிய கேஷியர் தம்பி மெஷினில் செருகினார், திரையை ஒரு பார்வை பார்த்தார், பச்சைப் பொத்தானை அமுக்கினார். "டாலர்லயே போட்டுட்டேன் சார், உங்களுக்குக் கணக்குப் பாக்க ஈஸி." முகத்தில் உதவி செய்த திருப்தி. அந்த ஓர் அமுக்கலுக்கு ஆன செலவு, சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் நாலு பேர் வயிறு நிறையச் சாப்பிடும் காசு.

விமானம், டாக்சி, தங்கிய இடம் எதிலும் குறையில்லை. அதையெல்லாம் விடுவோம். பேச வேண்டியது அந்தப் பச்சைப் பொத்தானைப் பற்றித்தான்.

இதற்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயர், சுருக்கமாக டிசிசி. கார்டு எண்ணின் முன்பகுதியைப் படித்ததுமே, அது சிங்கப்பூரில் கொடுத்த கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். உடனே திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று ரூபாயில், இன்னொன்று வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில். எதில் கட்டுவது என்பதைக் கார்டுக்காரர்தான் சொல்ல வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும். ஆனால் ஊரில் மெஷின் கேஷியர் கையில், அவர் பக்கம் பார்த்தபடி இருக்கிறது. சிங்கப்பூரில் கோப்பிக் கடை முதல் பேரங்காடி வரை மெஷின் நம் பக்கம் திரும்பியிருக்கும், கார்டு நம் கையை விட்டே போகாது. ஊரில் அது அர்ச்சனைத் தட்டு மாதிரி உள்ளே போய், பிரசாதமாக ஸ்லிப்போடு திரும்பி வருகிறது.

கணக்கு சுலபமாக இருக்க 1 வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லாத கார்டில், ரூபாயில் போட்டால் 48,000 ரூபாய்க்கு 738 வெள்ளி 46 காசு. வெளிநாட்டுச் செலவுக்கு 3.25 விழுக்காடு பிடிக்கும் சாதாரண வங்கிக் கார்டில் 762 வெள்ளி 46 காசு. டிசிசி-யில் 5 விழுக்காடு லாபம் வைத்து வெள்ளிக்கு 61.75 ரூபாய் என்று போட்டால் 777 வெள்ளி 33 காசு. அதோடு தீராது. வெளிநாட்டுக் கடையில் வெள்ளியில் விழுந்த தொகைக்கும் பல வங்கிகள் 1 விழுக்காடு தனியாகப் பிடிக்கும். ஆக 785 வெள்ளி 10 காசு. இவ்வளவுக்கும் சேலை அதே சேலை. அந்த 5 விழுக்காட்டில் ஒரு பங்கு கடைக்கும் போவதுண்டு. பொத்தான் ஏன் அவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பது அதில் புரியும். அந்தத் தம்பிக்கு அதில் ஒரு டீக்காசு கூட வராது என்பதுதான் கோபப்படவும் விடாமல் செய்கிறது.

புறப்படுவதற்கு முன் எந்தக் கார்டு என்று வாரக்கணக்கில் ஆராய்வது நம்மவர் வழக்கம். அந்த ஆராய்ச்சி தேவைதான். 3.25 விழுக்காட்டில் 1 விழுக்காடு விசா அல்லது மாஸ்டர்கார்டுக்கு, மிச்சம் 2.25 வங்கிக்கு. டிரஸ்ட் வங்கியின் கார்டு இந்தக் கட்டணத்தைப் பிடிப்பதில்லை, விசாவின் விகிதம் அப்படியே விழும். யூட்ரிப், வைஸ் போன்றவை முன்பணம் போட்டுச் செலவழிப்பவை. அதில் யூட்ரிப்பில் யென், யூரோ மாதிரி ரூபாயை விலை குறைந்த நாளில் வாங்கி வைக்க முடியாது, கார்டைத் தட்டும் நேரத்து விகிதம்தான். கார்டில் விமான மைல் சேர்ப்பவர்கள் 3.25-ஐத் தெரிந்தே கொடுப்பார்கள், வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதல் மைல் கிடைக்கிறதே என்று. தொகை வெள்ளியில் விழுந்தால் பெரும்பாலும் அந்தக் கூடுதல் மைலும் போச்சு. எந்தக் கார்டை எடுத்துப் போனாலும் டிசிசி அதன் நன்மையைத் தின்றுவிடும். அதனால் கார்டை நீட்டும்போதே, கை விடும் முன்னால், "ரூபாயிலயே போடுங்க தம்பி" என்று சொல்லிவிட வேண்டும். மெஷின் கேட்ட பிறகு சொல்லலாம் என்றால் நேரம் இருக்காது.

பொத்தான் அமுங்கிவிட்டது, ஸ்லிப் வந்துவிட்டது என்றால்? கையெழுத்துப் போடாதீர்கள். சிங்கப்பூர் கிரெடிட் கார்டுகள் பலவற்றுக்கு அங்கே பின் நம்பர் வேலை செய்யாது, கையெழுத்துக் கோடு போட்ட ஸ்லிப்தான் வரும். அந்தக் கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில், "இரண்டு நாணயத்தில் எது வேண்டும் என்று கேட்டார்கள், நானே இதைத் தேர்ந்தேன், பிறகு மாற்ற முடியாது" என்ற பொருளில் நாலு வரி இருக்கும். கையெழுத்து அதற்கும் சேர்த்துத்தான். ஸ்லிப்பில் வெள்ளி, மாற்று விகிதம், மார்க்கப் (மேலே வைத்த லாபம்) என்று மூன்றும் தெரிந்தால் "இதை வாய்டு பண்ணிட்டு ரூபாயில புதுசாப் போடுங்க" என்று கேளுங்கள். வாய்டு என்பது அன்றைய கணக்கு முடிக்கும் முன்னால் அதே மெஷினில் ரத்து செய்வது. அதற்கு மேனேஜரின் பாஸ்வேர்டு வேண்டியிருக்கும், அவர் சாப்பிடப் போயிருப்பார். காத்திருங்கள். "ரீஃபண்ட் போட்டுடறோம் சார்" என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ரீஃபண்ட் வேறு பரிவர்த்தனை, வேறு விகிதம், திரும்பி வரும் வெள்ளி குறைவாகவே வரலாம். வாய்டு ஸ்லிப்பையும் கேட்டு வாங்குங்கள். கைப்பேசிச் செயலியில் பழைய தொகை சில நாள் பிடித்து வைத்தபடி தெரியும், பிறகு தானே விழுந்துவிடும். கடை அடியோடு மறுத்தால், ஸ்லிப்பிலேயே தேர்வு தரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததும் வங்கியில் முறையிடலாம். எழுதாத ஸ்லிப்போடு போனால், உங்கள் கையெழுத்தையே உங்களுக்கு எதிரில் வைப்பார்கள்.

இந்தப் பின் நம்பர் விஷயத்தில் இன்னொரு கூத்து. ஊர்க் கார்டுகளுக்குப் பின் நம்பர் கேட்டே பழகிய கேஷியர், மெஷின் கேட்காதபோதும் "பின் போடுங்க சார்" என்பார். மெஷின் கேட்காமல் எந்த எண்ணும் சொல்ல வேண்டாம். "கையெழுத்துக் கார்டு தம்பி" என்றால் போதும்.

ஏடிஎம்மிலும் இதே பொறி, வேறு வேஷத்தில். கடைசித் திரையில் வெள்ளித் தொகையைக் காட்டி, மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும். மறுத்தால் பணம் வராதோ என்று பயந்து எல்லாரும் ஏற்கிறார்கள். டிக்லைன் கன்வர்ஷன் என்பது மாற்று விகிதத்தைத்தான் மறுக்கிறது, பணம் ரூபாய்க் கணக்கில் வந்துவிடும். இதைச் செய்யும் முன் சிங்கப்பூரில் இருக்கும்போதே கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைச் செயலியில் திறந்து வைத்திருக்க வேண்டும். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகவே வேண்டாம். அது கடன், பல வங்கிகளில் 8 விழுக்காடு கட்டணம், அன்றிலிருந்தே வட்டி.

இந்த மெஷின் வித்தை எதுவும் பூக்காரம்மாவிடம் செல்லாது. மலைக்கோட்டை அடிவாரத்தில் மல்லிகைக் கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை, ஒரு சின்ன ஸ்பீக்கர். யாரோ தட்டியதும், "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் சொல்கிறது. சிங்கப்பூர் இவ்வளவு முன்னேறியும் ஈரச்சந்தையில் இந்தக் குரலைக் கேட்டதில்லை, கொஞ்சம் பொறாமைதான். சிங்கப்பூரின் பேநவ்வையும் இந்தியாவின் யுபிஐயையும் சேர்த்து 2023 பிப்ரவரி 21-ல் தொடங்கிய இணைப்பு, ஆளுக்கு ஆள் பணம் அனுப்பத்தான். அத்தைக்கு அனுப்பலாம், பூக்கடை கியூஆரில் தட்ட முடியாது. ஊரில் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம். மற்ற பெரும்பாலோருக்குத் தாள்தான். "சில்லறையா இருந்தா குடுங்கண்ணே" என்பாள்.

வெள்ளித் தாளை உள்சட்டைப் பையில் வைத்து, கோடாரித் தைலப் புட்டிகளோடு போய் இறங்கி, மாமாவுக்குத் தெரிந்த கடையில் மாற்றிய காலம் போய்விட்டது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலை நாணய மாற்றுக்காரரிடம் விகிதம் நன்றாகவே இருக்கிறது. இந்தியாவுக்குள் ஆளுக்கு 25,000 ரூபாய் வரை கொண்டு போகலாம். வாங்கும்போதே பாதியை 100, 50 தாளாகக் கேளுங்கள். கேட்காவிட்டால் 500 கட்டுதான் தருவார், அதை நீட்டினால் பூக்காரம்மா உங்களையும் பார்ப்பாள், ஸ்பீக்கரையும் பார்ப்பாள்.