கையைக் கடிக்காத ரெக்கார்டிங் மென்பொருள்: எதை எடுப்பது, எதை விடுவது

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு வரியை எத்தனை தடவை பாடிப் பார்ப்பீர்கள்? ஒரே தடவையில் பாடி முடிப்பவர் என்றால் எதை எடுத்தாலும் ஓடும். பெரும்பாலும் நம்மால் அது முடிவதில்லை. பல்லவியை ஏழு தடவை பாடியிருப்போம், மூன்றாவதில் முதல் பாதி நன்றாக வந்திருக்கும், ஆறாவதில் கடைசிச் சொல் மட்டும் அழகாக விழுந்திருக்கும், இரண்டையும் ஒட்டி ஒரே மூச்சில் பாடியதுபோல் ஆக்க வேண்டும். வீட்டுப் பதிவில் பாதி நேரம் இந்த ஒட்டு வேலையில்தான் போகிறது. அதனால் எத்தனை டிராக் (ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் தனித்தனியாக இருக்கும் பதிவு வரிசை), கூடவே எத்தனை வாத்தியங்கள் வருகின்றன என்பதையெல்லாம் பின்னால் வைத்துவிட்டு, டேக்குகளை, அதாவது ஒவ்வொரு தடவை பாடியதன் பதிவையும், எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே நான் இவற்றைப் பிரிக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே வேலையைத்தான் எல்லாவற்றிலும் செய்தேன். ஒரு கிட்டார், ஒரு முதன்மைக் குரல், அதே குரலில் மேலும் கீழும் இரண்டு துணைக் குரல்கள், பின்னால் எளிமையான டிரம். நான்கு நிமிடப் பாட்டு. வீட்டில் தனியாக உட்கார்ந்து பாடுகிற பலரின் தேவை இவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆடாசிட்டி, ஏனென்றால் எல்லோரும் தொடங்குவது அங்கேதான். 2000ஆம் ஆண்டு வெளிவந்தது, திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், ஒரு பைசா கேட்காது. ஒரே குரலைப் பதிவு செய்து, இரைச்சலைக் குறைத்து, வெட்டி ஒட்டி வெளியே எடுக்க இதைவிடச் சுலபமானது எனக்குத் தெரியாது. கதை வாசிப்பவர்களுக்கும் பாட்காஸ்ட் செய்பவர்களுக்கும் இது போதும், மேலே எதையும் தேட வேண்டாம். பழைய ஆடாசிட்டியை மனதில் வைத்துக்கொண்டு இன்னமும் திட்டுபவர்கள் இருக்கிறார்கள். 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து பாட்டு ஓடும்போதே எஃபெக்டுகளை மாற்றிக் கேட்க முடிகிறது. அதற்கு முன் ரிவெர்ப் (அறையில் முழங்குவது போன்ற எதிரொலி) போட்டால் போட்டதுதான், பிடிக்கவில்லை என்றால் அன்டூ செய்து மறுபடி போட வேண்டும். அந்தத் தொல்லை இப்போது இல்லை.

ஆனாலும் பாட்டு என்று வந்தால் இது திணறுகிறது. வாசிக்கும் சுரங்களைக் கணினிக்கு அனுப்பும் மிடி கீபோர்டை இணைத்து ஒரு மெய்நிகர் பியானோவை வாசித்துப் பதிவு செய்ய இதில் வழியில்லை. டேக்குகளை அடுக்கிவைத்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் இல்லை, ஒவ்வொரு தடவை பாடுவதும் ஒரு புது டிராக்காக விழும், ஏழு தடவை பாடினால் ஏழு டிராக்கை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே பதிவான கிட்டாரைக் கேட்டுக்கொண்டே பாடினால் குரல் கொஞ்சம் தள்ளி விழும். அதைச் சரிக்கட்ட அமைப்புகளில் தாமதத் திருத்தம் என்று ஓர் எண் இருக்கிறது, அதில் இயல்பாக -130 மில்லி விநாடி என்று போட்டிருப்பார்கள். அது உங்கள் கணினிக்குப் பொருந்தும் என்று நம்பி உட்காராதீர்கள். கிளிக் ஓசையை ஓட்டி, அதையே மைக்கில் பதிவு செய்து, இடைவெளியை அளந்து எண்ணை மாற்றுங்கள். பத்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் தனக்குத் தாளம் வரவில்லை என்று நொந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

தாமதம் என்று பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன், இது எந்த மென்பொருளுக்கும் பொதுவானது. கணினி ஒலியைச் சிறு சிறு கட்டுகளாக வாங்கிக் கொடுக்கிறது, அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில், 256 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு வழிக்குச் சுமார் 5.3 மில்லி விநாடி, 1024 என்றால் 21 மில்லி விநாடிக்கு மேல். உள்ளே வரவும் வெளியே போகவும் சேர்த்தால் இரட்டிப்பு, அதற்கு மேலும் கொஞ்சம். பாடும்போது தன் குரலே பின்தங்கி ஹெட்போனில் கேட்டால் யாருக்கும் சுருதி ஆடும். பதிவு செய்யும்போது பஃபரைக் குறைத்து வைக்க வேண்டும், பிறகு டிராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது ஏற்றிவிட வேண்டும். மேக்கில் இது பெரும்பாலும் தானாகவே ஒழுங்காக இருக்கும். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் ஒலி இயக்கி) இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியிருந்தால் அந்தத் தயாரிப்பாளரே கொடுப்பதைப் போடுங்கள். இன்டர்ஃபேஸில் நேரடியாகக் கேட்கும் குமிழ் இருந்தால் இன்னும் நல்லது, குரல் கணினிக்குள் போய் வராமலே காதுக்கு வந்துவிடும்.

சரி, மேக் வைத்திருப்பவர்களுக்கு என் பதில் குறுகியது. கராஜ்பேண்ட். 2004 முதல் இருக்கிறது, மேக் பயனர்களுக்கு இலவசம், 255 டிராக் வரை போகும், அவ்வளவு எந்த வீட்டுக்கும் தேவையில்லை. லூப் போட்டு ஏழு தடவை பாடினால் ஏழும் ஒரே டிராக்குக்குள் டேக்குகளாக உட்கார்ந்துகொள்ளும், எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். டிரம்மருக்கு ஆள் வேண்டாம், உள்ளேயே டிரம்மர் இருக்கிறார். பாட்டின் பகுதிக்கு ஏற்ப அடக்கி வாசி, ஓங்கி வாசி என்று சொன்னால் கேட்கிறார். என் சோதனைப் பாட்டு இதில்தான் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் முடிந்தது, ஒரு மாலையில் கேட்கும்படியாக வந்துவிட்டது. குறை இல்லாமல் இல்லை. எல்லா டிராக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மிக்ஸர் பலகை கிடையாது. பாட்டின் நடுவே தாளக் கட்டை மாற்ற முடியாது, நான்கில் தொடங்கி நடுவில் ஏழுக்குப் போகிற பாட்டு என்றால் திரையில் இருக்கும் தாளக் கோடுகள் உங்களுக்கு உதவாது, காதை நம்பித்தான் வாசிக்க வேண்டும். பிறகு எப்போதாவது பணம் சேர்ந்து ஆப்பிளின் பெரிய மென்பொருளான லாஜிக் வாங்கினால் இந்தக் கோப்புகள் அப்படியே அதில் திறக்கும், அது பெரிய ஆறுதல். ஆனால் ஆப்பிள் உலகத்தை விட்டு வெளியே வந்தால் இந்தக் கோப்பு வேறு எங்கும் திறக்காது.

இப்போது ரீப்பர். என் மனம் இங்கேதான் சாய்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. வினாம்ப் என்ற பழைய பாட்டுப் பிளேயரை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கலின் காக்கோஸ் நிறுவனம் செய்வது. 60 நாள் முழு வசதியோடு இலவசமாகப் பயன்படுத்தலாம், டிராக் வரம்பு, சேமிக்க முடியாது என்ற எந்தக் கட்டும் இல்லை. தனிப்பட்ட பயன்பாட்டுக்கும், வருட வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் 60 டாலர்; அதற்கு மேல் சம்பாதித்தால் 225 டாலர். இரண்டுக்கும் மென்பொருள் ஒன்றேதான், குறைந்த விலைக்கு வசதியைக் குறைத்துக் கொடுக்கிற பேச்சே இல்லை. இப்போதைய 7ஆம் பதிப்பில் வாங்கினால் 8.99 வரை அதே உரிமம் செல்லும். அறுபது நாள் முடிந்தாலும் பூட்டிவிட மாட்டார்கள், திறக்கும்போது நினைவூட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த நம்பிக்கையை மதித்து, தொடர்ந்து பயன்படுத்துகிறவர்கள் காசு கொடுத்துவிடுங்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

டேக் விஷயத்தில் இது ராஜா. 2023இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து ஏழு டேக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தடங்களில் நிற்கும், எந்தத் துண்டு வேண்டுமோ அதன்மேல் மவுஸை இழுத்தால் போதும், அது மேலே ஏறிவிடும், சந்திப்பு தானாகவே கரைந்து ஒட்டிக்கொள்ளும். என் பாட்டில் துணைக் குரல்களின் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன, ஒருவர் 'த' சொல்லி முடித்த பிறகு இன்னொருவர் 'த' சொல்வதுபோல. துண்டு துண்டாக நகர்த்திச் சேர்த்ததில் அரை மணி நேரத்தில் அது ஒரே வாயிலிருந்து வந்ததுபோல் ஆனது. பழைய மடிக்கணினியிலும் மூச்சு வாங்காமல் ஓடுகிறது, நிறுவும் கோப்பே மிகச் சிறியது. ஈக்யூ, கம்ப்ரசர், சுருதி திருத்தி எல்லாம் உள்ளேயே உண்டு, பார்க்க அழகாக இருக்காது, வேலை சுத்தம்.

இதில் எது கஷ்டம் என்றால், திறந்தவுடன் வெறுமையாக இருக்கும். டிரம் இல்லை, பியானோ இல்லை, ஒரு சின்ன சின்த்தும் சாம்பிளரும் தவிர வாத்தியம் என்று சொல்ல எதுவும் இல்லை. இலவச பிளக்-இன்களை (கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் வாத்தியங்கள், எஃபெக்டுகள்) நீங்களேதான் தேடிப் போட வேண்டும். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும், இரண்டாவது வாரத்தில் நாலைந்து குறுக்கு விசைகள் கையில் படிந்ததும் அப்புறம் வேறு எதற்கும் போகத் தோன்றாது. கணினியில் அமைப்புகளை நோண்டுவதே பிடிக்காது என்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

விண்டோஸில் இருந்துகொண்டு காசே செலவழிக்க முடியாது என்றால் கேக்வாக்கின் பெயர் வரும். இதன் கதையைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. 1987இல் டாஸ் காலத்தில் தொடங்கியது, சோனார் என்ற பெயரில் நல்ல விலைக்கு விற்றது, 2017இல் அப்போதைய உரிமையாளரான கிப்சன் நிறுத்திவிட்டது, 2018இல் பேண்ட்லேப் வாங்கி முழுவதையும் இலவசமாகக் கொடுத்தது. பிறகு அந்த இலவசப் பதிப்பை ஓரங்கட்டி மீண்டும் சோனார் என்ற பெயருக்கே போனார்கள், 2025இல் அதற்கும் ஓர் இலவச அடுக்கு வந்தது. மென்பொருள் உறுதியானது, மிக்ஸர் பலகை உண்மையான ஸ்டுடியோ மேசைபோல் இருக்கும், டேக் கையாள்வதும் நன்றாகவே இருக்கிறது. எனக்கு இருக்கும் தயக்கம் அந்த வரலாறுதான். முப்பது நாற்பது பாட்டுகளை ஒன்றில் செய்துவைத்த பிறகு அதன் விதி வேறு யாரோ எடுக்கும் முடிவில் தொங்குவது எனக்கு ஒத்துவரவில்லை.

வேவ்ஃபார்ம் ஃப்ரீ பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, பேச வேண்டும். டிராக் வரம்பு இல்லை, வெளி பிளக்-இன்களுக்குத் தடை இல்லை, மூன்று இயங்குதளத்திலும் ஓடும். ஒலி இடமிருந்து வலமாக நகர்ந்து, அந்தந்த டிராக்கின் வலது ஓரத்தில் இருக்கும் பிளக்-இன்கள் வழியாகப் போகிறது. புதிதாகக் கற்பவருக்கு இது உடனே புரியும், மற்றவற்றில் பழகியவருக்குக் கொஞ்ச நாள் கை தடுமாறும். லினக்ஸ்காரர்கள் இதோடு ஆர்டோர் என்ற மென்பொருளையும் பாருங்கள்.

ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ இலவசம், 8 ஆடியோ டிராக்கோடு நின்றுவிடும். என் சோதனைப் பாட்டு அதில் அடங்கியது, கிட்டாரை இரண்டு மைக்கில் எடுத்து துணைக் குரல்களை இரட்டித்திருந்தால் வரம்பை நெருங்கியிருக்கும். ஸ்டுடியோ வேலைக்குப் போக நினைப்பவர்கள் பழகிக்கொள்ள எடுக்கலாம். இன்டர்ஃபேஸோ கீபோர்டோ வாங்கினால் கூடவே கிடைக்கும் ஏபிள்டன் லைவ் லைட்டும் இதே மாதிரிதான், டிராக் எண்ணிக்கையில் கட்டுப்பாடு உண்டு, லூப் அடுக்கிப் பாட்டு கட்டுகிறவர்களுக்குச் சுகம், நேராகப் பாடிப் பதிவு செய்பவர்களுக்கு அவ்வளவு இல்லை.

பீட் செய்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவதற்குள் எஃப்எல் ஸ்டுடியோ. டிரம்மும் மெட்டும் கட்டுவதற்கு அதன் பியானோ ரோலை (சுரங்களைக் கட்டங்களில் எழுதும் திரை) மிஞ்ச ஆளில்லை, ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்க புதுப்பதிப்புகள் இலவசம் என்ற வாக்கைப் பல ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறார்கள். ஆனால் அதில் பல அடுக்குகள் உண்டு, குரல் பதிவு நீங்கள் வாங்கும் அடுக்கில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள். சோதனைப் பதிப்பில் சேமித்த புராஜெக்டை வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது, இது தெரியாமல் ஓர் இரவு வேலையை உள்ளே போட்டுவிட்டு முழிக்காதீர்கள். இதற்கு மாற்று என்று பலர் சொல்லும் எல்எம்எம்எஸ் இலவசம்தான், பீட் கட்டலாம், ஆனால் மைக்கில் பாடிப் பதிவு செய்ய அது உருவாக்கப்படவே இல்லை.

நான் ஏன் பழைய புராஜெக்ட் திறக்குமா என்று இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், பட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மென்பொருளில் ஆறு பாட்டுகள் செய்திருந்தேன், பெயர் வேண்டாம். கணினி மாற்றினேன், அந்த மென்பொருள் புதிய கணினியில் ஏறவில்லை. கையில் மிஞ்சியது எம்பி3 மட்டும். ஒரு பாட்டில் குரல் கொஞ்சம் அமுங்கி இருக்கும், இன்றைக்கும் அதைக் கேட்கும்போது குரலை மட்டும் ஒரு துளி ஏற்ற முடிந்தால் போதுமே என்று கை பரபரக்கும். ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்தால்கூட எந்த ஒலித் துண்டு எந்த விநாடியில் இருக்கிறது என்று படிக்கலாம், பதிவான ஒலியும் இயல்பாகப் பக்கத்திலேயே சுருக்கப்படாத வேவ் கோப்புகளாக இருக்கும். எனக்கு அது பிடித்துப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதை எடுத்தாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள். பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் பூஜ்ஜிய விநாடியிலிருந்து தொடங்கித் தனித்தனி வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். மோனோவில் 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 9 எம்பிகூட வராது, ஐந்து நிமிடப் பாட்டுக்குப் பத்து டிராக் என்றால் 430 எம்பி அளவில் முடிந்துவிடும். கோப்பின் பெயரிலேயே பாட்டின் வேகத்தையும் எழுதுங்கள், 92 என்றால் 92 என்று. அந்தக் கோப்புறையை நாளைக்கு எந்த மென்பொருளில் இழுத்துப் போட்டாலும் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்காரும்.