கபாபென்டின் 300: எரிச்சல் அடங்கியது, தலை சுற்றியது

அக்கி ஆறிய பிறகும் விலாவில் பனியன் பட்டாலே தீப்பட்ட மாதிரி எரிந்தது. டாக்டர் கபாபென்டின் என்ற மருந்தை எழுதிக் கொடுத்தார். வலிப்புக்கும் இதே மருந்துதான். சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்துத்தான் அளவு சொன்னார். முதலில் ராத்திரிக்கு மட்டும் 300 மில்லிகிராம். மறுநாள் பல் தேய்க்கையில் தலை சுற்றி, வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்கூட்டர் சாவியை மனைவி ஒளித்துவைத்தது சரிதான். மூன்றாவது வாரம் நிம்மதியாகச் சட்டை போட முடிந்தது. அப்புறம், அலுமினியம், மக்னீசியம் கலந்த ஆன்டாசிட் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து) குடித்தால் 2 மணி நேரம் கழித்துத்தான் இதைப் போட வேண்டும். இல்லையென்றால் உடம்பில் சரியாகச் சேராது. வலி போனதும் நானே நிறுத்தப் பார்த்தேன். “சார், டக்குன்னு விடாதீங்க, டாக்டரைக் கேட்டுப் படிப்படியா குறைங்க” என்று மருந்துக்கடைப் பெண்தான் தடுத்தார். இந்த மருந்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைத்த ஒன்று, பகலெல்லாம் சொக்கிய அந்தத் தூக்கத்துக்கு.